வந்தவர் எத்தனை, தங்கியவர் எத்தனை?

சித்ரா பௌர்ணமிக்கு முன்னதாகவே ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் வேலை தொடங்கிவிடும். ஆண்டின் பெரும்பகுதி நீருக்குள் கிடக்கும் கல்மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும். பௌர்ணமியன்று காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் வரதராஜப் பெருமாள், வழியில் உள்ள ஊர்களில் மண்டகப்படி கண்டு இங்கே எழுந்தருள்வார். படிகளில் இறங்கி, கிணற்றுக்குள் இருக்கும் அந்த மண்டபத்தில் சேவை சாதிப்பார். பிறகு பாலாற்று மணலை நோக்கிப் புறப்பாடு. அன்று ஊர் கொள்ளாத கூட்டம். பொரி, பேரீச்சம்பழம், வளையல், பலூன், கரும்புச்சாறு என்று சாலையோரம் முழுக்கக் கடைகள். பெருமாள் திரும்பியதும் கடைக்காரர்களும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மறுநாள் ஊர் பழையபடி அமைதியாகிவிடும். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் குருவான இலட்சுமி குமார தாத்தாச்சாரியார் எழுப்பிய சஞ்சீவிராயர் கோயிலும், கடல் போல் விரிந்து கிடக்கும் அதன் குளமும் எப்போதாவது வரும் ஓரிரு கார்களுக்காகக் காத்திருக்கும். ஒரு நாள் திரளும் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை நம்பி ஊரில் யாரும் நிலையாக ஒரு கடை வைக்க முடியாது. ஐயங்கார்குளத்துக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். வயல் இருந்தது, காஞ்சிபுரம் பக்கத்தில் இருந்தது, ஆகவே அவர்கள் பிழைப்பு திருவிழாக் கூட்டத்தை நம்பியதில்லை.

இங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம் கடற்கரை. அங்கே கூட்டத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2019 நவம்பர் 29-ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, காஞ்சிபுரம் மாவட்டம் தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. ஆனால் பயணிகளின் வேன்களுக்கு மாவட்ட எல்லை தெரியாது. காலையில் காஞ்சிபுரம் கோயில்கள், மதியம் பட்டுக் கடை, மாலையில் மாமல்லபுரம் என்பதுதான் இன்றும் அவற்றின் வழக்கமான பாதை. அந்த வேன்களில் எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நாளில் வருகிறார்கள், வந்தவர்கள் இரவு தங்குகிறார்களா என்பவற்றைப் பொறுத்தே கடற்கரையில் அடுப்பு எரிகிறது. இவற்றில் முதல் கேள்விக்கு மட்டுமே அரசிடம் கணக்கு இருக்கிறது. மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடற்கரை வியாபாரத்தின் நிலை புரியும்.

எண்கள் சொல்வது

தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையின் கணக்குப்படி 2019-இல் மாநிலத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 49.48 கோடி, வெளிநாட்டுப் பயணிகள் 68.66 லட்சம். கொரோனா வந்த 2020-இல் உள்நாட்டு எண்ணிக்கை 14.07 கோடியாகவும் வெளிநாட்டு எண்ணிக்கை 12.28 லட்சமாகவும் சரிந்தது. 2021-இல் இன்னும் கீழே போய் 11.53 கோடியையும் வெறும் 57,622-ஐயும் தொட்டது. 2022-இல் 21.85 கோடியும் 4.07 லட்சமும். 2023-இல் 28.60 கோடியும் 11.74 லட்சமும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான். அப்படியிருக்க 49 கோடி என்பது ஆட்களின் எண்ணிக்கையாக இருக்க முடியாது. அது வருகைகளின் எண்ணிக்கை. காஞ்சிபுரத்தில் ஒரு முறை, மாமல்லபுரத்தில் ஒரு முறை, திருவண்ணாமலையில் ஒரு முறை என்று ஒரே குடும்பம் பல முறை எண்ணப்படலாம். கோயிலுக்குப் போகிறவரும் இந்தக் கணக்கில் பயணிதான்.

இந்த எண்களை வைத்து ஒரு விகிதத்தைப் பார்க்கலாம். 2023-இல் உள்நாட்டு வருகை 2019-இன் அளவில் ஏறத்தாழ 58 விழுக்காட்டுக்கு மீண்டுவிட்டது. வெளிநாட்டு வருகையோ 17 விழுக்காட்டில் நிற்கிறது. இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டவர் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2019-இல் 1.09 கோடிப் பேர் வந்தார்கள், 2023-இல் 95 லட்சம் பேர் வந்தார்கள். ஏறத்தாழ 87 விழுக்காடு மீண்டாயிற்று. நாட்டுக்குள் வந்தவர்கள் தமிழ்நாட்டை மட்டும் இந்த அளவுக்குத் தவிர்த்துவிட்டார்கள் என்று நம்புவது கடினம். வந்தவரை எண்ணும் முறைக்கும் இந்த இடைவெளியில் பங்கு இருக்க வேண்டும். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணுவதும், மாநிலத்துக்குள் இடம் இடமாகத் திரட்டுவதும் ஒன்றல்ல.

தாஜ்மகாலை முந்திய ஆண்டு

2022 செப்டம்பரில் மாமல்லபுரத்துக்காரர்கள் பெருமையோடு பேசிய செய்தி ஒன்று உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில், 2021-22 நிதியாண்டில் வெளிநாட்டவர் மிக அதிகமாகப் பார்த்தது மாமல்லபுரம் என்று மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவர நூல் அறிவித்தது. 1,44,984 பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் இடத்தில் இருந்த தாஜ்மகாலுக்கு 38,922 பேர்தான். பத்திரிகைகள் தலைப்புச் செய்தி போட்டன. ஊருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள்.

அந்த ஆண்டின் கடைக் கல்லாக்களுக்கு அப்படியொரு செழிப்பு தெரிந்திருக்க வழியில்லை. 2021 காலண்டர் ஆண்டில் தமிழ்நாடு முழுமைக்கும் வந்த வெளிநாட்டவர் 57,622 என்று மாநிலக் கணக்கு சொல்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கையும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கையும் நேராக ஒப்பிடக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சுற்றுலா விசாவில் சாதாரண விமானங்களில் வெளிநாட்டவர் வருவதற்கு 2021 நவம்பர் 15-ஆம் தேதிதான் மறுபடி அனுமதி கிடைத்தது. வழக்கமான சர்வதேச விமானச் சேவை 2022 மார்ச் 27-இல்தான் தொடங்கியது.

முதலிடம் கிடைத்ததற்குக் காரணம் மாமல்லபுரத்தின் எழுச்சியைவிட மற்ற இடங்களின் வீழ்ச்சி என்பதே பொருத்தமான விளக்கம். எல்லாப் பந்தயக்காரர்களும் விழுந்து கிடந்த ஆண்டில் கிடைத்த பரிசு அது. சீட்டுக் கணக்குக்கு வேறொரு வரம்பும் உண்டு. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் இந்தியர் 40 ரூபாயும் வெளிநாட்டவர் 600 ரூபாயும் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள். சார்க், பிம்ஸ்டெக் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு இந்தியரின் கட்டணமே. இலங்கையிலிருந்து வரும் தமிழர் 40 ரூபாய்தான் தருகிறார். இந்தச் சீட்டு எதையும் வாங்காமல் நேரே கடற்கரை மணலுக்குப் போகிறவரை யாரும் எண்ணுவதே இல்லை. பஜ்ஜிக் கடைக்கும் சுண்டல்காரருக்கும் மீன் வறுவல் வண்டிக்கும் இவர்தான் முதன்மையான வாடிக்கையாளர்.

யாருக்கு யார் வாடிக்கை

மாமல்லபுரம் சின்ன ஊர். 2011 கணக்கெடுப்பில் 15,172 பேர். அதற்குள் பல ஊர்கள் இருக்கின்றன. கடலோரத்தில் மீனவர் குப்பம். அதையொட்டி ஒத்தவாடைத் தெருவில் லாட்ஜுகள், கடல் உணவுக் கடைகள், துணி தைத்துத் தரும் தையற்கடைகள், காஷ்மீர் கைவினைக் கடைகள். ஐந்து ரதச் சாலையில் உளிச் சத்தம் ஓயாத சிற்பப் பட்டறைகள். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு, சிப்பி, பாசிமணிக் கடைகள். பூஞ்சேரியிலிருந்து மணிமாலைகளோடு வரும் நரிக்குறவர்கள். ஆட்டோக்காரர்கள், கைடுகள், இளநீர் வண்டிகள்.

'டூரிஸ்ட்' என்ற ஒரே சொல்லால் இவர்கள் எல்லோரும் தங்கள் வாடிக்கையாளரைக் குறித்தாலும், ஒவ்வொருவருக்கும் வேண்டியவர் வேறு. ஒத்தவாடைத் தெரு வளர்ந்தது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தங்கிய வெளிநாட்டவரால். காலையில் சிற்றுண்டி, மாலையில் இறால், நடுவில் ஒரு சட்டை தைக்கக் கொடுப்பது, சைக்கிள் வாடகைக்கு எடுப்பது என்று அவர்கள் செலவு தெரு முழுக்கப் பரவியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவர்களுக்கான சீசன். 1992 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் நாட்டிய விழாவும் இந்த மாதங்களில்தான் வருகிறது.

அதே மார்கழி, தை மாதங்களில் வேறொரு பெருங்கூட்டமும் ஊருக்குள் வருகிறது. மேல்மருவத்தூருக்குப் போய்வரும் செவ்வாடைப் பக்தர்களும் சபரிமலைக்குப் போகும் ஐயப்பன்மார்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அவர்கள் லாட்ஜில் அறை எடுப்பதில்லை. பஸ்ஸோடு வந்த பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுவார்கள். ஆனால் சங்கு மாலையும் பொம்மையும் ஊர் பெயர் எழுதிய சாவிக்கொத்தும் வாங்குவது அவர்கள்தான். சிப்பிக் கடைக்காரருக்கு ஆண்டின் பெரும்பகுதி வருமானம் இந்தப் பஸ்களிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் ஒத்தவாடை லாட்ஜ்காரர் அறைகள் காலியாகக் கிடக்கின்றன என்று வருந்திக்கொண்டிருக்கலாம். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒருவருக்குச் சீசன் உச்சத்தில் இருக்கும், அடுத்தவருக்குப் போணியே ஆகியிருக்காது.

சிற்பிகளின் கணக்கு இன்னும் நுட்பமானது. 1957-இல் இங்கே தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியும், 2017-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்தத் தொழிலுக்கு மதிப்புச் சேர்த்தன. பெரிய பட்டறைகள் கோயில் வேலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் செதுக்குகின்றன. பயணிகள் வரத்து குறைந்தால் அவை உடனே தள்ளாடுவதில்லை. கையில் அடங்கும் பிள்ளையாரையும் யானையையும் செதுக்கி மேசையில் அடுக்கி விற்கும் சிறு சிற்பிக்குத்தான் முதல் அடி விழுகிறது. உள்நாட்டுப் பயணி மாவுக்கல் பொம்மையை விலை கேட்பார், பேரம் பேசுவார், பல சமயம் வைத்துவிட்டுப் போய்விடுவார். எடை பார்க்காமல் கருங்கல் சிலை வாங்கிக் கப்பலில் அனுப்பச் சொன்னவர் வெளிநாட்டவர். ஆகவே நூறு வெளிநாட்டவர் குறைந்து ஆயிரம் உள்நாட்டவர் கூடினால் மொத்தக் கணக்கு ஏறியது போலத் தெரியும், அந்தச் சிற்பியின் மேசையோ அப்படியே இருக்கும்.

அடிமேல் அடி

இந்தக் கடற்கரையின் வியாபாரம் கடந்த இருபது ஆண்டுகளில் எத்தனை முறை விழுந்து எழுந்தது என்று பார்த்தால், சீசன் என்ற சொல்லின் நிச்சயமின்மை விளங்கும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சீசனின் உச்சத்தில், ஆழிப்பேரலை வந்தது. குப்பத்துப் படகுகளும் வலைகளும் கடைகளும் போயின. கடல் பின்வாங்கி மணலை அரித்துச் சென்ற இடங்களில், அதுவரை புதைந்திருந்த செதுக்குப் பாறைகள் வெளிப்பட்டன. தொல்லியல் துறை கடலடியிலும் தேடியது. அந்தச் செய்தி உலகெங்கும் போய்ப் புதிய ஆர்வலர்களைக் கொண்டுவந்தது. 2016-இல் சீசன் தொடங்கும் நேரத்தில், நவம்பர் 8-ஆம் தேதி, பணமதிப்பு நீக்கம். ரொக்கத்தில் மட்டுமே ஓடும் கடற்கரைக் கடைகளுக்குச் சில்லறை இல்லாத சீசன் அது. அடுத்த மாதமே வர்தா புயல்.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தார்கள். அதற்காக ஊர் துடைத்து வைக்கப்பட்டது. சாலையோரக் கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன. சந்திப்பு முடிந்த பிறகு கூட்டம் அலைமோதியது. தலைவர்கள் நின்ற இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதுவரை இலவசமாகப் பார்க்க முடிந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அந்த மாதமே கட்டணம் வந்தது. பெயர் பெற்ற ஊருக்குக் கூட்டம் கூடியது. அப்புறப்படுத்தப்பட்ட தள்ளுவண்டிக்காரர்களோ, பழைய இடம் மறுபடி கிடைக்குமா என்று அலைந்தார்கள். ஊருக்கு வந்த லாபமும் அவர்களுக்கு வந்த நட்டமும் ஒரே நிகழ்ச்சியின் விளைவுகள்.

அந்தக் கூட்டம் ஐந்து மாதம் நீடித்தது. 2020 மார்ச் 17-இல் தொல்லியல் சின்னங்கள் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் 16 முதல் இரண்டாவது முறையாக மூடப்பட்டன. இந்தக் காலத்தில் குப்பத்துக் குடும்பங்களில் ஒரு வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. கடையும் வைத்திருந்து ஃபைபர் படகையும் விட்டுவிடாத குடும்பத்துக்குக் கடல் ஒரு வேளைச் சோறாவது போட்டது. படகை விற்று அறை கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்குத் தண்டல்காரரைத் தவிர வேறு வழி தெரியவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு அறிவித்த சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கடன் கிடைத்தது. அதை வாங்க, தான் சாலையோர வியாபாரிதான் என்று காட்ட ஒரு சான்று வேண்டும். கூடையில் சுண்டல் சுமந்து விற்பவருக்குச் சான்று யார் தருவது?

சென்னை மெரினா இதற்கொரு பாடம். கொரோனாவுக்காக மூடப்பட்ட மெரினா 2020 டிசம்பர் 14-ஆம் தேதிதான் பொதுமக்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஒன்பது மாதமும் மணலில் வியாபாரம் இல்லை. அதே காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் விளைவாக, ஒரே மாதிரியான 900 வண்டிக் கடைகள் என்று மாநகராட்சி வரையறுத்தது. குலுக்கல் முறையில் ஒதுக்கீடு நடந்தது. ஒழுங்கு வந்தது, உரிமம் வந்தது. 900-க்கு வெளியே நின்றுபோனவர்களுக்குப் பழைய இடமும் இல்லாமல் போனது.

2022 மாமல்லபுரத்துக்கு ஏற்றமும் இறக்கமும் ஒருங்கே தந்த ஆண்டு. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்து தங்கினார்கள். பொதுவாக வெறிச்சோடிக் கிடக்கும் ஆடி மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்கள் நிரம்பி வழிந்தன. நான்கே மாதத்தில், டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. கடற்கரைக் கடைகளின் கூரைகளும் படகுகளும் சேதமடைந்தன. வங்கக் கடலின் புயல் காலமும் இந்தக் கரையின் பயணிகள் காலமும் ஒன்றாக இருப்பது இந்த வியாபாரத்தின் நிரந்தரச் சிக்கல். கோவா, கேரளக் கரைகளில் மழை ஓய்ந்த பிறகு சீசன் தொடங்குகிறது. இங்கே வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே அது வருகிறது.

ஒரு மணி நேரத் தொலைவு

சென்னையிலிருந்து மாமல்லபுரம் 60 கிலோமீட்டருக்குள். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாக அகலமாகப் பயணம் குறுகியது. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பலாம். வெளிநாட்டுப் பயணி குறைந்த இடத்தை நிரப்பியிருப்பது பெரும்பாலும் இந்தச் சனி, ஞாயிறுக் கூட்டம்தான்.

இந்தக் கூட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. கைக்குழந்தையோடு பைக்கில் வரும் இளம் தம்பதிக்கும், பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கும், சோறு கட்டிக்கொண்டு வேனில் வரும் பெரிய குடும்பத்துக்கும் கடற்கரையில் முழு உரிமை உண்டு. பஜ்ஜிக் கடைகளும் ராட்டினக்காரர்களும் குதிரைச் சவாரிக்காரர்களும் உயிர்த்திருப்பது அவர்களால்தான். ஆனால் இந்த வரத்தின் வடிவம் கடைக்காரரின் வேலையை மாற்றிவிடுகிறது. வாரத்தின் ஏழு நாள் வருமானத்தை இரண்டு மாலைகளில் எடுத்தாக வேண்டும். காணும் பொங்கலன்று மீன் தட்டுப்பாடு, மறு செவ்வாய்க்கிழமை மீன் மீந்துபோகும். திங்கள் முதல் வெள்ளி வரை ஆள் வேண்டாம், சனிக்கிழமை நான்கு பேர் வேண்டும். அப்படி ஆள் கிடைக்குமா? கிடைப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கூலி போதுமா? சனிக்கிழமை மழை பெய்தால் அந்த வாரமே போயிற்று.

ஐயங்கார்குளத்துச் சித்ரா பௌர்ணமியின் சிறு வடிவம் இது. அங்கே ஆண்டுக்கு ஒரு நாள், இங்கே வாரத்துக்கு இரண்டு நாள். திருவிழாக் கடைக்காரர் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்துக்கொள்கிறார். மாமல்லபுரத்துக் கடைக்காரர் நகர முடியாது. வாடகையும் வட்டியும் ஏழு நாளும் ஓடுகின்றன.

கன்னியாகுமரியை இதற்கு எதிராக வைத்துப் பார்க்கலாம். அங்கே சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையே பயணியை ஓர் இரவு தங்க வைக்கிறது. விடியுமுன் எழுந்தவர் டீ குடிக்கிறார், படகுக்கு வரிசையில் நிற்குமுன் சிற்றுண்டி சாப்பிடுகிறார். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு, அந்தத் தங்கலுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. மாமல்லபுரத்திலும் கடலில்தான் சூரியன் உதிக்கிறது. கடற்கரைக் கோயில் கிழக்கு நோக்கி அந்த வெளிச்சத்தை வாங்குகிறது. அதைப் பார்க்க ஓர் இரவு தங்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

அலை கொண்டுவந்த புதிய மாதங்கள்

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கோவளம், காலண்டரையே கொஞ்சம் மாற்றிக் காட்டியது. மீனவரான மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைத் தானாகவே கற்றுக்கொண்டு, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அது ஒரு சர்ஃபிங் பள்ளியாக வளர்ந்தது. 2013-இல் முதல் சர்ஃப் விழா நடந்தது. 2021-இல் கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல் முறை.

இந்த விளையாட்டின் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் இங்கே நல்ல அலை கிடைக்கிறது. அதாவது, கோயில் பார்க்க வருபவர் வெயிலுக்கு அஞ்சி வராத மாதங்களில் அலை தேடி வருபவர் வருகிறார். ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் தங்குகிறார். விடியற்காலையில் கடலில் இறங்கி ஒன்பது மணிக்குப் பசியோடு கரையேறுகிறார், பக்கத்துக் கடையில் இட்லி தீர்ந்துபோகிறது. கற்றுக்கொடுப்பவர் அந்தக் குப்பத்து இளைஞர். நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று அவருக்குப் பிறவியிலேயே தெரியும். மூழ்கும் பயணியைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அவர்தான்.

இதையே எல்லாக் குப்பத்துக்கும் மருந்தாகச் சொல்லிவிட முடியாது. அலைச்சறுக்குக்கு வருபவர் எண்ணிக்கையில் கொஞ்சம். ஆனாலும், மாதங்களைப் பரப்புவதும் இரவுகளைக் கூட்டுவதும் சாத்தியம் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

தமிழ் பேசும் இன்னொரு கரையில் இதன் ஆபத்தான பக்கத்தையும் காணலாம். இலங்கையின் கிழக்கே பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே, மே முதல் அக்டோபர் வரை அலைச்சறுக்குப் பயணிகளையே நம்பியிருக்கிறது. இலங்கைக்கு 2018-இல் 23.3 லட்சம் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், பிறகு கொரோனா என்று அடுத்தடுத்து வீழ்ந்து 2021-இல் 1.94 லட்சமானது. 2022-இன் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி 2024-இல் 20.5 லட்சத்துக்கு ஏறியது. அந்த மீட்சியின் நடுவிலேயே, 2024 அக்டோபரில், அறுகம்பேக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தது. சில நாளில் அறைகள் காலியாகின. ஒரே வகைப் பயணியை, ஒரே பருவத்தை நம்பும் கரையை எங்கோ வெளியாகும் ஓர் அறிக்கை முடக்கிப்போட முடியும்.

மணலும் சட்டமும்

கடற்கரை வியாபாரத்துக்கு முதலீடு மணல். அது கரைந்துகொண்டிருக்கிறது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, ஊரின் கடற்கரையே மறைந்து கருங்கல் சுவர்தான் மிஞ்சியது. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டிருக்கின்றன. கோயில் தப்பியது. பக்கத்துக் குப்பத்தின் முன்னே படகு நிறுத்தும் மணலும் கடை போடும் மணலும் ஆண்டுக்கு ஆண்டு குறுகுகின்றன. ஒரே துண்டு மணலில் வலை உலர்த்துபவரும் நாற்காலி போடுபவரும் இடத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் இறுக்கம் வேறு. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கடல் பக்கமிருந்து கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வருகின்றன. இரண்டு கோடுகளுக்கும் நடுவே, தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் குடும்பங்கள் வீட்டுக்கு மாடி எடுக்கவோ கடையைச் சீராக்கவோ முடியாமல் நிற்கின்றன. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் கலைச்செல்வத்தைக் காப்பது தேவை என்பதில் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காப்பதன் சுமையை அவர்கள் மட்டும் சுமப்பதுதான் நியாயமில்லை.

2014-இன் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும், அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தலைவர்களின் சந்திப்புக்கோ போட்டிக்கோ ஊரைத் தயாராக்கும் போதெல்லாம் முதலில் கூட வேண்டியது அந்தக் குழு. 2024-இல் மத்திய அரசு மாமல்லபுரத்தில் நந்தவனம் பாரம்பரியப் பூங்காவுக்கு 99.67 கோடி ரூபாய் ஒதுக்கியது. அத்தகைய பெரிய திட்டங்களில் வாகன நிறுத்தம் எங்கே வருகிறது, நுழைவாயில் எந்தப் பக்கம் திறக்கிறது என்பவையே பல கடைகளின் தலையெழுத்தை எழுதிவிடும். வாயில் இடம் மாறினால் கூட்டத்தின் நடையும் மாறும்.

எதை எண்ணலாம்

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு கோரிக்கை எழுகிறது. நுழைவுச்சீட்டுகளை எண்ணுவதோடு மூன்றை எண்ணத் தொடங்கலாம். ஒவ்வொரு மாதமும் நிரம்பிய அறை இரவுகள் எத்தனை, வார நாளில் வந்தவர் எத்தனை, கடற்கரையில் உரிமம் பெற்றும் பெறாமலும் வியாபாரம் செய்பவர் எத்தனை. இதற்குப் பெரிய செலவில்லை. லாட்ஜ் பதிவேடுகள் இருக்கின்றன, வாகன நிறுத்தச் சீட்டுகள் இருக்கின்றன, சிற்பக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். அப்போது மேலே இருக்கும் எண் ஏறும்போது கீழே இருக்கும் கல்லாவும் ஏறுகிறதா என்று தெரியும். காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் ஒரே பகலில் முடித்துவிடும் வேன் பாதையை இரண்டு நாளாக விரித்து, நடுவில் ஐயங்கார்குளம், உத்திரமேரூர் போன்ற ஊர்களைச் சேர்த்தால் யாருக்கு எவ்வளவு பயன் என்றும் கணக்கிட்டுச் சொல்ல முடியும்.

அப்படி எண்ணத் தொடங்கும்போது மாசி மகத்தை மறக்கக் கூடாது. அந்தப் பௌர்ணமியை ஒட்டிப் பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்கின்றன. சேலைகளையும் துணிகளையும் கட்டிக் கூடாரம் அமைத்து மணலிலேயே இரவைக் கழிக்கிறார்கள். விடியற்காலையில் மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பதும் திருமணங்களும் அங்கேயே நடக்கின்றன. அந்த நாட்களில் அரிசியும் பூவும் வளையலும் மீனும் அவர்கள் வாங்குவது இந்தக் கரையின் கடைகளில்தான். அவர்கள் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை, அறைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. ஆகவே மாமல்லபுரத்தில் தங்கியவர்களின் எந்தக் கணக்கிலும் அவர்கள் இதுவரை இல்லை.